எட்டாவது முனையும் கடைசித் தட்டும்

டெர்மினல் பிளாக்கை நேசிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எங்கள் பல்கலைக்கழகம் முயன்று பார்த்தது. நான்காம் செமஸ்டரில் அதைப் பதின்மூன்று மதிப்பெண் கேள்வியாகக் கேட்டது. வகுப்பில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் வேறு கேள்விக்குத் தாவிவிட்டோம். ஜெசிந்தா மட்டும் படம் போட்டு, பாகங்களைக் குறித்து எழுதினாள். படத்துக்கு நிழல்கூட அடித்திருந்தாள்.

தேர்வில் எழுதாததை இங்கே எழுதிவிடுகிறேன். தொழிற்சாலையில் கன்ட்ரோலர் என்பது யோசிக்கிற பெட்டி. அவுட்புட் மாட்யூல் அதன் வாய். ‘வால்வைத் திற, மோட்டாரை நிறுத்து’ என்று உத்தரவு போடும். அந்த வாயில் மாட்டியிருக்கும் பல்செட்தான் டெர்மினல் பிளாக். பல்லுக்கு ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவுக்கு ஒரு ஒயர். ஒயரின் மறுமுனையில் வால்வோ மோட்டாரோ இருக்கும். மாட்யூல் பழுதானால் பல்செட்டை அப்படியே கழற்றிப் புது மாட்யூலில் மாட்டிவிடலாம். தன் வழியாகப் போகும் உத்தரவு என்னவென்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அரசு ஊழியத்துக்கு ஏற்ற குணம்.

எங்கள் விடுதி மெஸ்ஸுக்கு வந்தது மட்டும் புது ரகம். அது பழகும்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, லாரி பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. அங்கே ஆள் குறைவு, பதவி அதிகம். ஆகையால் டாக்டர் குலோத்துங்கன் எங்கள் துறைத்தலைவர், விடுதி வார்டன், பேருந்துக் குழு ஒருங்கிணைப்பாளர். மெஸ்ஸைத் தானியங்கி ஆக்கியவரும் அவரே. மாவு தானாக இறங்கும், ஆவி தானாக வரும், இட்லி தானாக வெளியே வரும். அதற்காக அவர் எழுதிய புரோகிராமுக்கு ஒரு விருது கிடைத்தது. கேடயம் அவர் மேசையில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

புரோகிராம் எழுதி முடிக்க ஒரு மாதம் தாமதமானது. அந்த ஒரு மாதமும் சுவரில் இருந்த கை ஸ்விட்சுகளைத் தட்டி மெஸ்ஸை ஓட்டியவர் வசந்தாமணி அக்கா. புரோகிராம் வந்ததும் அவரைப் பாத்திரம் கழுவும் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவர் குரல் மட்டும் போகவில்லை. அங்கிருந்தே கத்துவார்: “ஏனுங் தம்பி, அந்தத் தட்டுல பாதி மிச்சம் வெச்சுட்டுப் போறீங்க, உங்கூட்டு மாடா நானு?”

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், மெஸ் மேனேஜர் நாச்சிமுத்து சார் பின்வாசலில் அக்காவை மடக்கினார். அக்கா கையில் தூக்குப்போசி இருந்தது.

“ஏம்மிணி, போசில என்ன?”

“இட்லிங்க.”

“மெஸ்ஸு மூடி எத்தன நேரமாச்சு. ஆவி பறக்குது?”

“அதைய மிசினைத்தான் கேக்கோணுமுங்க. மூடுன பொறவு தெனமும் ஒரு தட்டு அதுவா வேகுது. குப்பைல கொட்ட மனசு வருல. என்ற கோழிங்களுக்குக் கொண்டுபோறேன்.”

“உளுந்து ஆட்டி, ஆவில வேகவெச்சு, கோழிக்கா?”

“கோழி ஒண்ணும் கொறை சொல்றதில்லீங்க. பசங்கதான் சொல்றானுங்க.”

நாச்சிமுத்து சாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்து நாங்கள் பார்த்ததும் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, நெற்றியில் எப்போதும் ஒரு மடிப்பு. கை ஸ்விட்சுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன, மூடிய பிறகு அவற்றைத் தட்டி இட்லி எடுக்க அக்காவால் மட்டும்தான் முடியும் என்று வார்டனிடம் சொன்னார். பேராசிரியர் குலோத்துங்கன் யோசித்தார். “என் புரோகிராமில் காலை எட்டரைக்கு மேல் இட்லிக்கு ஒரு வரிகூட இல்லை” என்றார். புரோகிராம் செய்யவில்லை என்றால் அக்கா செய்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

ஜெசிந்தாவால் இதைத் தாங்க முடியவில்லை. முதலாண்டில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது, அறை வாசல்வரை வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனவர் அக்கா ஒருவர்தான். நானும் தினம் விடுதி வாசல்வரை போனேன். ஆனால் நான் கொண்டுபோனது அசைன்மென்ட்.

“டேய், பேனலைத் திறந்து பார்ப்போம்” என்றாள்.

“எந்த உரிமையில்?”

“ஃபைனல் இயர் புராஜெக்ட்னு சொல்லுவோம். நமக்குத் தலைப்பு இல்லைல்ல?”

இல்லைதான்.

மதியச் சாப்பாடு முடிந்து சமையலறை ஓய்ந்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டார். பேனல் கதவைத் திறந்ததும் சந்தன வாசம் வந்தது. திறப்பு விழாவுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் வைத்த பொட்டு. வெள்ளிதோறும் பேராசிரியர் தன் கையாலேயே புதுப்பிப்பார். கன்ட்ரோலருக்கு ஒன்று, மாட்யூலுக்கு ஒன்று.

“இந்தப் பிளாக்கைக் கழட்டினா ஃபேனுக்கு உத்தரவு போகாது, நின்னுடும். பாத்துக்கோ” என்று ஜெசிந்தா பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தினாள். பல்செட் கழன்று, ஒயர்களோடு அவள் கையில் தொங்கியது.

ஃபேன் நிற்கவில்லை.

நாங்கள் மூவரும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, ஃபேன் தானாக நின்றது.

“இது தெனமும் நடக்கறதுதான் கண்ணு” என்றார் அக்கா. “என்ற தங்கச்சி போன் பண்ணுற நேரம்.”

“என்னது?”

“நா ஸ்விட்சுகிட்ட இருந்த மாசம், சோத்து வேலை முடிஞ்சதும் தாராபுரத்துல இருந்து கூப்புடுவா. இந்த எழவு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நிறுத்திப்போட்டுப் பேசுவேன்.”

“இப்பவும் கூப்பிடறாங்களா?”

“இப்ப அவகோட பேச்சு இல்லீங்க. ஒரு பட்டுச் சீலை விசயமா.”

தங்கச்சி பேசி முடிக்க ஆகும் நேரத்துக்குப் பிறகு ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியது. ஜெசிந்தா கையிலிருந்த பிளாக்கை, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அக்கா, இது அந்தப் புது ரகம், பழகும். ஒவ்வொரு ஒயரையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். எது எப்ப ஓடுது, எவ்வளவு நேரம் ஓடுதுன்னு. மாட்யூல் திடீர்னு செத்துட்டா, புதுசு வர்ற வரைக்கும் பழகுன மாதிரியே ஓட்டும். வேலை நிக்கக் கூடாதுல்ல, அதுக்காக.”

“அப்ப இது யாருகிட்டப் பழகுச்சு?”

“உங்ககிட்ட.”

“அடக் கெரகமே” என்றார் அக்கா. நுரைக் கையோடு தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

“மாட்யூல் செத்தாத்தானே?” என்றேன் நான். “இது உயிரோடதானே இருக்கு?”

ஜெசிந்தா மாட்யூலை உருவினாள். காலி தீப்பெட்டி போல எடையே இல்லாமல் வந்தது. உள்ளே சர்க்யூட் இல்லை. ஒரு பல்லி முட்டை இருந்தது. அடியில் ‘பார்வைக்கு மட்டும்’ என்று ஸ்டிக்கர். ஆய்வுக் குழு வரும் நாளில் இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று செருகிய வெற்றுக் கூடு. ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, கைகுலுக்கிப் போனது. மெஸ்தான் ஓடுகிறதே என்று நிஜ மாட்யூலை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கன்ட்ரோலரின் சந்தனப் பொட்டை நான் நகத்தால் சுரண்டினேன். அடியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ‘எனக்கு வாய் இல்லை’ என்று அது முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதற்கு வாரம் ஒருமுறை பொட்டு வைத்திருக்கிறோம்.

ஆக, விருது வாங்கிய புரோகிராம் ஒருநாள்கூட ஓடியதில்லை. அறுநூறு பேருக்குச் சோறு போட்டது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வசந்தாமணி அக்காவின் ஒரு மாதப் பழக்கம். வெள்ளிக்கிழமை சாம்பார் சீக்கிரம் வந்துவிடுவதன் காரணமும் புரிந்தது. அன்று அக்காவுக்குக் கோயில். புதன்கிழமை பொங்கல் அடிப்பிடிப்பதன் காரணமும் புரிந்தது. அன்று டிவியில் அவருடைய தொடர் மறு ஒளிபரப்பு.

“எட்டாவது முனைதான் இட்லி லைன்” என்றாள் ஜெசிந்தா. “ஒரு தடவை தட்டினா ஒரு தட்டு. அந்த மாசம் மூடினப்புறம் நீங்க தினமும் ஒரு தட்டு போட்டிருக்கீங்க. எதுக்குக்கா?”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று முந்தானையில் கையைத் துடைத்தார்.

“அதைய விடு கண்ணு.”

“அக்கா, வேலை போயிடும்.”

“போனாப் போவுது. அதையச் சொன்னா ஒருத்தருக்குச் சங்கட்டம்.”

குழாயடிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

வெள்ளிக்கிழமை விசாரணையைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். காலை டிபன் முடிந்து ஷட்டர் இறங்கியது. நீள மேசையின் ஒரு பக்கம் பேராசிரியரும் நாச்சிமுத்து சாரும், மறுபக்கம் நாங்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. இரண்டு கையும் மேசைமேல் தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவர் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் ‘டக்’ என்றது. மாவு இறங்கும் சத்தம். அப்புறம் ஆவி.

எல்லோரும் அக்காவின் கைகளைப் பார்த்தோம். பத்து விரலும் அங்கேயே இருந்தன.

“என் புரோகிராமில்...” என்று பேராசிரியர் ஆரம்பித்தார். ஜெசிந்தா பையிலிருந்து வெற்றுக் கூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பல்லி முட்டையை மட்டும் நான் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றியிருந்தேன்.

பேராசிரியர் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். ஊதினார். கேடயம் வாங்கிய மனிதரின் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் பார்த்தபோது பிடிக்கவில்லை.

“இது நான் வெச்சதுதான்” என்றார் மெல்ல. “அடுத்த மாசம் மாத்திடலாம்னு.”

எந்த அடுத்த மாசம் என்று யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தா எல்லாவற்றையும் விளக்கினாள். தங்கச்சி, கோயில், தொடர் உட்பட. அக்கா இடையிடையே “ஆமாங்க”, “அது நெசந்தானுங்க” என்று சாட்சி சொன்னார்.

நாச்சிமுத்து சாரின் நெற்றி மடிப்பு இறங்கவில்லை. “இப்பத் தட்டலீங்க சார், ஒத்துக்கறேன். ஆனா மிசினு எங்கிருந்து கத்துக்குச்சு? அந்த மாசம் பூராவும் அம்மிணி எச்சா ஒரு தட்டு வெச்சிருக்குது. அது எங்க போச்சு? அதையச் சொல்லட்டும்.”

அக்கா மேசையில் ஒட்டியிருந்த பருக்கையை நகத்தால் சுரண்டினார்.

“யாருக்குக் குடுத்தே?”

அக்கா என்னைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்தாள். “சொல்லிடுங்கக்கா. ப்ளீஸ்.”

“நீங்கதானுங்க சாப்ட்டீங்க” என்றார் அக்கா.

“நானா?” என்றார் நாச்சிமுத்து சார்.

“ஊட்டுக்காரம்மா தவறி, காரியமெல்லாம் முடிச்சுட்டு வேலைக்கு வந்தீங்கல்லங்க. கூட்டத்தோட உக்காந்தா ஆளாளுக்கு வந்து துக்கம் கேப்பாங்கன்னு, ஷட்டரு இறங்குன பொறவு வருவீங்க. ‘மிச்சம் ஏதாச்சும் இருந்தாப் போடும்மிணி’ம்பீங்க.” அவர் குரல் இறங்கியது. “இந்தப் பசங்க சாப்ட்ட எடத்துல மிச்சம் ஏதுங்க? இருந்தாலும் ஆறிப்போன இட்லி. அன்னைக்கு நீங்க இருந்த இருப்புக்கு அதையப் போட எனக்குக் கையி வருல. அதான் ஒரு தட்டு சூடா. புதுசா வெச்சேன்னு சொன்னா வேண்டாம்னுருவீங்க. மிச்சம்னே சொல்லிப்போட்டேன்.”

சமையலறையில் ஆவி நின்றது. தட்டு உருண்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சாப்பிட வருவதை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. எட்டாவது முனை அதைக் கேள்விப்படவில்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு மனிதருக்கு அது இன்னமும் தினம் இட்லி வைத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் அதைத் திருட்டு என்று புகார் கொடுத்திருந்தார்.

நாச்சிமுத்து சார் எழுந்து உள்ளே போனார். தட்டோடு திரும்பி வந்தார். நின்றபடியே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். சட்னி இல்லை, ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் மென்றார்.

“சூடாத்தான் இருக்குது” என்றார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, “நீ எப்பம்மிணி சாப்புடுவே?”

“எல்லாம் கழுவிப்போட்டு. இருந்தா.”

பேராசிரியர் செருமினார். தான் வார்டன் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “எப்படியும் கணக்கில் இல்லாத தட்டு. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அழிச்சிடுங்க.”

“ஒண்ணை மட்டும் அழிக்க முடியாது சார்” என்றாள் ஜெசிந்தா. “அழிச்சா எல்லாம் போயிடும். நாளைக்கு இட்லியே வராது. நிஜ மாட்யூல் வர்ற வரைக்கும் இது மறுபடி யார்கிட்டயாவது பழகணும். ஒரு மாசம்.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

“பழகுன பொறவு?” என்றார் அக்கா.

“பழகின பிறகு... அதுவே ஓட்டிக்கும்” என்றார் பேராசிரியர். “நீங்க பழையபடி...”

“குழாயடிக்கு.”

பேராசிரியர் வெற்றுக் கூட்டை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என்ற பழக்கம் வேணும், நா வேண்டாமுங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் தக்காளியைத் திருப்பிப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு விடை இல்லை; பதின்மூன்று மதிப்பெண்ணிலும் இல்லை, இரண்டு மதிப்பெண்ணிலும் இல்லை.

“அம்மிணி ஸ்விட்சுகிட்டவே இருக்கட்டுங்க சார்” என்றார் நாச்சிமுத்து சார், தட்டைப் பார்த்தபடி. “மிசினு பழகுனா என்ன? ஒருத்தர் சாப்புட வராம நின்னுட்டா அதுக்குத் தெரியறதில்ல. பக்கத்துல தெரிஞ்ச ஆளு வேணும்.”

“எந்தப் பதவியில் வைக்கிறது?”

“நம்ம துறைல ஆசிரியர் பத்தாதுன்னு ஆய்வுக் குழு எழுதியிருக்கே சார்” என்றேன் நான். கிண்டலாகத்தான் சொன்னேன். பேராசிரியர் கிண்டலைப் புரிந்துகொள்ளும் வழக்கம் இல்லாதவர். அவர் முகம் மலர்ந்தது.

அப்படித்தான் வசந்தாமணி அக்கா எங்கள் துறையில் பயிற்றுநர் ஆனார். பெயர்ப்பலகைகூட வைத்தார்கள். அவருக்கு ஒரே மாணவர், ஒரு டெர்மினல் பிளாக். எங்கள் துறையில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய ஆசிரியர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அழிக்கும் நாளில் ஜெசிந்தா பிளாக்கின் சின்னத் துளையில் ஊக்கை நுழைத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஃபேனும் மறந்துருமா கண்ணு? என்ற தங்கச்சிய?”

“எல்லாமே மறந்துடும்க்கா.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “சரி, குத்து” என்றார். குத்தியதும் வெளியே போய், தாராபுரத்துக்குப் போன் போட்டு, அந்தப் பட்டுச் சீலையை நீயே வைத்துக்கொள் என்று கத்தியது எங்களுக்குச் சமையலறைவரை கேட்டது.

அந்த மாதம் முழுக்க அக்கா ஸ்விட்சுகளைத் தட்டினார். காலை எட்டரைக்கு ஷட்டர் இறங்கியதும் ஸ்விட்சுப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று பேராசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஷட்டர் இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொள்வார். மாதம் முடிந்தது. பிளாக் பழகிக்கொண்டது. நாங்கள் புராஜெக்டை முடிக்கப் பேராசிரியரோடு போய் நின்றோம். டிபன் முடிந்தது. அக்கா எங்கள் பக்கத்திலேயே கை கட்டி நின்றார்.

‘டக்.’ மாவு இறங்கியது.

“மறுபடியுமா!” என்றார் பேராசிரியர். “வசந்தாமணி, வாக்குக் கொடுத்தீங்களே.”

“என்ற கோழிங்க மேல சத்தியமா நா தொடலீங்க சார்.”

மறுநாள் நானும் ஜெசிந்தாவும் மட்டும் போய்க் கவனித்தோம். ஷட்டர் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றது. உடனே, அவசரமாக, மறுபடி ஓடியது. அதற்குப் பிறகுதான் எட்டாவது முனையில் இட்லி லைன் ஓடத் தொடங்கியது. அதற்கடுத்த நாளும் அதே: ஃபேன் நின்று, ஓடி, பிறகு இட்லி.

“அக்கா கை தப்பாது” என்றாள் ஜெசிந்தா. “இது ஸ்விட்ச் தெரியாத ஆள். தினமும் முதல்ல ஃபேனைத் தட்டிட்டு, பயந்துபோய்த் திரும்பப் போட்டுட்டு, அப்புறம் இட்லியைக் கண்டுபிடிச்சிருக்கு. மாசம் பூராவும். பிளாக் அந்தத் தப்பையும் சேர்த்துப் பழகியிருக்கு.”

கூடத்தில் நாச்சிமுத்து சார் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்கள் பக்கம் திரும்பவில்லை. எண்ணி முடித்த வரிசையையே மறுபடி எண்ணினார்.

அக்கா முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். வெளியே வந்த தட்டை எடுத்தார். சட்னியை ஊற்றிக்கொண்டு, மூலை மேசையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“யாரு வெச்சாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையாக்கா?” என்றாள் ஜெசிந்தா, ரகசியமாக.

அக்கா முதல் வாயை விழுங்கினார். நாற்காலி எண்ணும் முதுகை ஒரு தரம் பார்த்தார்.

“கேட்டா, மிச்சம்னுதான் சொல்லுவாரு” என்றார். “விடு கண்ணு.”

பேனல் கதவை ஜெசிந்தா மெதுவாகச் சாத்தினாள். நிஜ மாட்யூல் அடுத்த மாதம் வரும் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அக்காவின் கோழிகள்தான் பாவம், இளைத்துப்போய்விட்டன.